தையற்காரரின் குறிப்பேடு



மதரஸாவில் பாயில் அமர்ந்து பாடம் நடத்துவதே இருபது ஆண்டுகளாக என் பணி. கைகால்கள் மெலிந்தவன், எடை 62 கிலோ. பருமனானவர்களுக்கல்லவா நோய் என்று அலட்சியமாக இருந்தேன்.

சென்ற பெருநாளுக்கு ஜிப்பா தைக்க அம்பத்தூரில் வழக்கமான தையற்காரரிடம் சென்றேன். அவர் பழைய குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, "ஹஜ்ரத், தோள் அளவு அப்படியே இருக்கு, வயிறுதான் 34 அங்குலத்திலிருந்து 39 ஆகியிருக்கு!" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆவடியில் வசிக்கும் என் மனைவியின் தமையனார் நினைவுக்கு வந்தார். அவரும் என்னைப் போலவே ஒல்லி, சற்றே தொந்தி. இன்று வாரம் மும்முறை டயாலிசிஸ். "வலி இருந்திருந்தால் முன்பே போய்ப் பார்த்திருப்பேன் மாப்பிள்ளை" என்று அவர் கூறியது நெஞ்சைத் தைத்தது.

2004ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் இரு மருத்துவர்கள் தம்மையே ஒப்பிட்டுக் காட்டினர். புனேயின் யாக்னிக், லண்டனின் யட்கின் இருவருக்கும் உயரத்திற்கேற்ற எடைக் குறியீடு 22.3 தான். உடற்கொழுப்போ முன்னவருக்கு 21.2 சதவீதம்; பின்னவருக்கு 9.1. நம் நாட்டவர் எடை மிகாமலேயே கொழுப்பைச் சுமக்கிறோம், அதுவும் வயிற்றில். ஆகவேதான் நமக்கு வயிற்றுச் சுற்றளவின் எல்லை ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என வகுத்துள்ளனர். என்னுடையதோ 99!

தொடையில் தோலுக்கடியில் சேரும் கொழுப்பைவிட, வயிற்றினுள் உறுப்புகளைச் சூழ்ந்திருக்கும் கொழுப்பே தீங்கு மிக்கது. அது இன்சுலினின் செயலைக் கெடுக்கிறது. இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. சல்லடை போன்ற சிறுநீரக வடிகட்டிகள் நாளடைவில் பழுதுற்று, சிறுநீரில் புரதம் கசியத் தொடங்குகிறது. இரத்தத்தில் கிரியாட்டினின் உயர்வது அதற்கும் வெகு பின்னரே.

சென்னை கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் டாக்டர் எம்.கே. மணி, சென்னையை அடுத்த கிராமங்களில் வீடுதோறும் செய்வித்தது எளிய சோதனையே: சிறுநீரில் புரதம், சர்க்கரை, அத்துடன் இரத்த அழுத்தம். குறை கண்டவர்களுக்கு மலிவான மாத்திரைகள்.

நானும் சோதித்தேன். சிறிதளவு புரதம், இரத்த அழுத்தம் 150/96. "தக்க தருணத்தில் வந்தீர்கள்" என்றார் மருத்துவர்.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கே உணவுக்கு என்ற நபிமொழியை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் போதித்தவன் நான். அன்றிரவு தஸ்தர்கானில் அமர்ந்தபோது வெட்கமாயிருந்தது. இப்போது உப்பும் சோறும் குறைத்து, ஃபஜ்ருக்குப் பின் நாள்தோறும் நடக்கிறேன்.

வாசகர்களே! உங்கள் இல்லத்துத் தையல் நாடாவை இன்றே எடுங்கள். மூச்சை வெளிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். எல்லையைத் தாண்டியிருந்தால், வலிக்காகக் காத்திராதீர்கள்.