நஞ்சை என்று எழுதியிருந்தால் போதுமா?

கொளவாய் ஏரியைச் சுற்றிக்கொண்டு போனால்தான் அந்த ஊர் வரும். செங்கல்பட்டு நகராட்சி எல்லையிலிருந்து சாலை வழியாக 3 கிலோமீட்டருக்கு மேல். அங்கே அவருக்கு அப்பா வழி வந்த நஞ்சை 1 ஏக்கர் 40 சென்ட். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் வட்டியோடு 14 லட்சத்தைத் தொட்டபோது, 70 சென்ட்டை விற்பது என்று முடிவானது. சென்னைக்காரர் ஒருவர் 42 லட்சம் பேசினார்.

"பட்டாவுல நஞ்சைன்னு இருக்குதுங்க. விவசாய நிலத்துக்கு ஒத்த பைசா வரி கிடையாது" என்றார் புரோக்கர். ஊரில் முன்பு நிலம் விற்ற ஒருவருக்கு வருமான வரி நோட்டீஸ் வந்தது அவர் மனைவிக்கு நினைவிருந்தது. "ஏங்க, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு ஆடிட்டரைப் பார்த்துடலாம்" என்றார். அந்த ஒரு பேச்சுதான் பிறகு அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது.

முதலில் போனது, 'டாக்ஸ்' என்று போர்டு மாட்டிய ஒரு கடைக்கு. "5,000 கொடுங்க, எல்லாத்தையும் விவசாய வருமானம்னு காட்டி முடிச்சிடலாம்" என்று பதில் வந்தது. உறுப்பினர் எண்ணைக் கேட்டால் பேச்சு மாறியது. வரிக் கணக்கு தாக்கல் செய்துகொடுப்பவர்கள் எல்லோரும் ஆடிட்டர் அல்ல. பட்டயக் கணக்காளர் என்றால் 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஐ.சி.ஏ.ஐ. அமைப்பில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆறு இலக்க உறுப்பினர் எண் இருக்கும். தொழில் செய்யத் தனிச் சான்றிதழும் வேண்டும். அவர் கையெழுத்திட்டுத் தரும் சான்றிதழில் 18 இலக்க யு.டி.ஐ.என். எண் இருக்கும். அதை ஐ.சி.ஏ.ஐ. இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். மகள் போனிலேயே பார்த்து, செங்கல்பட்டில் ஒரு பெண் ஆடிட்டரைக் கண்டுபிடித்தாள்.

அந்த அம்மா பட்டாவைப் பார்க்கும் முன்பே கேட்டது தூரத்தை. நகராட்சியின் மக்கள்தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை என்றால் அதன் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள், 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டருக்குள், அதற்கும் மேல் என்றால் 8 கிலோமீட்டருக்குள் இருக்கும் விவசாய நிலத்தை விற்றால் வரி உண்டு. 2011 கணக்கெடுப்பில் செங்கல்பட்டு நகராட்சியின் மக்கள்தொகை 62,579. ஆக 2 கிலோமீட்டர். அதுவும் சாலை வழியாக அல்ல, காக்கை பறக்கும் தூரம். ஏரி குறுக்கே இருப்பதால் சாலை சுற்றிப்போகிறது. நேர்கோட்டில் அளந்தால் 2 கிலோமீட்டருக்கும் குறைவு.

"அப்ப வரி எவ்வளவு வருங்கம்மா?" பூர்வீக நிலம் என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த மதிப்பை அடக்கவிலையாக எடுக்கலாம். அது 2 லட்சம் என்று வைத்தால் லாபம் 40 லட்சம். பன்னிரண்டரை சதவீதக் கணக்கில் வரி சுமார் 5 லட்சம் வரை போகும். அவர் சற்று நேரம் பேசவில்லை.

பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போடலாமே என்ற புரோக்கரின் யோசனைக்கும் அங்கேயே பதில் கிடைத்தது. வழிகாட்டி மதிப்பைவிடப் பத்திர விலை ரொம்பக் குறைந்தால் வரித்துறை வழிகாட்டி மதிப்பையே விலையாக எடுக்கும். முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கே அதே தொகை அபராதமாக வரலாம். மாநில அரசுக்குப் போவது 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும். அவற்றை நிலம் வாங்குபவர்தான் வழக்கமாகக் கட்டுவார். விவசாய வருமானத்துக்கு வரி போடும் அதிகாரம் அரசியல் சட்டப்படி மாநிலத்துக்கு உரியது. நிலத்தை விற்ற லாபத்துக்கு வரி போடுவது மத்திய அரசு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதி வில்லங்கம்.

கூட வந்திருந்த மைத்துனருக்கு மாமல்லபுரம் பக்கம் சவுக்குத் தோப்பும் இறால் குட்டையும் உண்டு. நட்டு வளர்த்த சவுக்கை வெட்டி விற்றால் விவசாய வருமானம். இறால் விவசாய வருமானம் ஆகாது என்று கேட்டு அவருக்கும் முகம் வாடியது. பால், கோழி, உப்பளம் எல்லாம் அந்தக் கணக்குதான்.

வரியைக் குறைக்கவும் சட்டத்தில் வழி உண்டு. விற்பதற்கு முந்தைய 2 ஆண்டுகள் அந்த நிலத்தில் பயிர் செய்திருந்து, விற்ற 2 ஆண்டுகளுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால், அதற்குச் செலவிட்ட அளவு லாபத்துக்கு வரி இல்லை. புது நிலத்தை 3 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. கணக்கு தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் வாங்க முடியாவிட்டால், பணத்தை வங்கியில் இதற்கென்றே உள்ள மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவிட வேண்டும். கடன் அடைத்தது போகச் செய்யூர் பக்கம் 25 லட்சத்துக்கு நிலம் பார்த்தால் வரி இரண்டு லட்சத்துக்குள் அடங்கும் என்று கணக்குப் போட்டார்கள்.

சிக்கல் அடங்கலில் வந்தது. போன வருடம் தர்பூசணி போட்டிருந்தும் 'தரிசு' என்று பதிவாகியிருந்தது. அவரும் அதைப் போய்ப் பார்த்ததில்லை. யார்தான் பார்க்கிறோம்? விதை வாங்கிய பில், கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடன் ரசீது, மகள் போனில் எடுத்த கொடிகளின் படம் ஆகியவற்றை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் கிராம நிர்வாக அலுவலகத்து வாசலில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பத்திரத் தேதியைப் பதினைந்து நாள் தள்ளிப் போடச் சொல்லிச் சென்னைக்காரருக்கு அவர் முந்தின நாளே போன் செய்துவிட்டார்.