முறுக்கு டப்பா

போன மாதம் ஒரு பணி ஓய்வு விழாவுக்குப் போயிருந்தேன். விழா என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அடையாறில் ஒரு மாடி ஹால், ஐம்பது நாற்காலி, ஒரு மைக், சமோசா, காபி. மேடையேறிப் பேசியவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் பேச்சு வராமல் இருந்தவர்கள். அதில் ஒரு பையன் மைக்கைக் கொடுக்கவே மாட்டேன் என்று பதினைந்து நிமிடம் பேசினான். "இவனைப் பேச வெச்சது நான்தான். எல்லாரும் மன்னிச்சுக்கங்க" என்றார் விழா நாயகி.

அவர் 'ஸ்பீச் லாங்வேஜ் பெத்தாலஜிஸ்ட்'. பெயரைச் சொல்வதற்கே தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டும். எங்களுக்கு அவர் மேடம். குழந்தைகளுக்கு ஆன்ட்டி.

நான் அவரை முதலில் பார்த்தது 2011-ல். என் மகனுக்கு அப்போது இரண்டே முக்கால் வயது. 'அம்மா', 'தண்ணி', 'போ' என்று நாலைந்து வார்த்தைகள்தான் கையிருப்பு. மற்றதற்கெல்லாம் நம் விரலைப் பிடித்து ஃபிரிட்ஜ் வரை இழுத்துப்போவான். இரண்டு வயதில் இரண்டு வார்த்தையாவது சேர்த்துப் பேச வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. கேட்டவர்கள் எல்லோரும், "ஆம்பளப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும்" என்றார்கள். ஒருவர் வசம்பு உரைத்துத் தடவச் சொன்னார்.

என் அம்மா திருநெல்வேலிக்காரி. "குமரகுருபரர் அஞ்சு வயசு வரைக்கும் பேசலையே. திருச்செந்தூர் முருகன்தானே வாயைத் திறந்து வெச்சான்?" என்றாள். போய் வந்தோம். "அவருக்கு அஞ்சு வயசு வரைக்கும் டைம் இருந்தது. நமக்கு அடுத்த வருஷம் எல்.கே.ஜி. அட்மிஷன் இருக்கே" என்று முனகினாள் மனைவி.

அந்தச் சமயத்தில்தான் அவனைச் சேர்த்திருந்த பிளே ஸ்கூலில் ஒரு யோசனை சொன்னார்கள். "வீட்ல தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசறீங்க. குழந்தை கன்ஃப்யூஸ் ஆகுது. இனிமே ஒன்லி இங்கிலீஷ்."

நாங்களும் கீழ்ப்படிந்தோம். "கம் கண்ணா, ஈட் தி இட்லி" என்று ஐந்து மாதம் ஓடியது. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. "எய்யா, ராசா..." என்று அவள் ஆரம்பித்தால், நான் கையைக் காட்டி நிறுத்துவேன். "அம்மா, தமிழ் வேண்டாம்மா." அவள் தலையை ஆட்டிவிட்டு பால்கனிக்குப் போய்விடுவாள். ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. எங்கள் வீட்டில் பேசாதவர்கள் இரண்டு பேர் ஆகிவிட்டார்கள் என்பது எனக்கு உறைக்கவும் இல்லை.

மேடத்திடம் போனதும் அவர் முதலில் கேட்டது காது டெஸ்ட் ரிப்போர்ட்டை. "காதுல விழாதது வாயில வராது சார். முதல்ல அதைப் பார்த்துடணும்." பார்த்தோம். காது நன்றாக இருந்தது.

அடுத்த முறை அவனோடு தரையில் உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊத ஆரம்பித்தார். ஊதினார், ஊதினார், ஊதிக்கொண்டே இருந்தார். நான் பி.காம். படித்தவன். முந்நூறு ரூபாய் ஃபீஸ், நாற்பத்தைந்து நிமிடம். ஆக, நிமிடத்துக்கு ஆறு ரூபாய் அறுபத்தேழு காசு என்று மனசு கணக்குப் போட்டது. இதற்குப் பீச்சுக்கே போயிருக்கலாமே!

திடீரென்று பாட்டிலை மூடி மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். அவன் பாட்டிலைப் பார்த்தான். "பபிள் வேணும்னு கேளுடா. வாட் இஸ் திஸ்? சொல்லு, சொல்லு" என்று நான் குதித்தேன். மேடம் என் பக்கம் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்தாவது நொடியிலோ ஆறாவதிலோ அவன் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "ப்பூ" என்றான். உடனே ஊதினார்.

"சார், நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"பத்திரிகையில."

"அதான்" என்று கையிலிருந்த பேப்பரைக் காட்டினார். அதில் வரிசையாகக் கோடு கோடாகப் போட்டிருந்தது. "பத்து நிமிஷத்துல இருபத்தேழு கேள்வி. ஒண்ணுக்காவது பதில் சொல்ல அவனுக்கு டைம் குடுத்தீங்களா? கேள்வியைக் குறைங்க. அவன் எதைப் பாக்கறானோ அதைப் பத்திச் சின்னதா சொல்லுங்க. சொல்லிட்டுக் காத்திருங்க." பிறகு கேட்டார், "வீட்ல யார் நிறையப் பேசுவாங்க?"

"அத்தைதான் பேசிக்கிட்டிருந்தாங்க" என்றாள் மனைவி.

"இருந்தாங்கன்னா?"

சொன்னோம். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "ரெண்டு மொழி கேக்கறதால எந்தக் குழந்தைக்கும் பேச்சு தள்ளிப்போறதில்ல. உங்களுக்கு எந்த மொழியில கொஞ்ச வருதோ, அதுல பேசுங்க. வீட்ல இருந்த நல்ல பேச்சாளரை நிறுத்திட்டு, குழந்தை ஏன் பேசலைன்னு கேக்கறீங்களே! அடுத்த வாரம் அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

அன்று ஆட்டோவில் திரும்பும்போது நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

அம்மாவுக்குக் கொடுத்த ஹோம் ஒர்க் இதுதான்: கண்ணுக்குத் தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவில் முறுக்கு. பையனால் திறக்க முடியாத இறுக்கமான மூடி. அவன் கொண்டுவந்து கொடுத்தால் உடனே திறக்கக் கூடாது.

அம்மாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "பிள்ளையைத் திங்க விடாம ஏங்க விடறதுதான் வைத்தியமா?"

"ஏங்க விட வேண்டாம் ஆச்சி. மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. அவன் கேட்டாலும் கேக்காட்டியும் குடுத்திடுங்க. அந்த அஞ்சை மட்டும் அவனுக்கு விட்டுக் குடுங்க."

அம்மாவுக்கு ஐந்து எண்ணுவது மகா கஷ்டமாக இருந்தது. "ஒண்ணு, ரெண்டு, முருகா" என்று திறந்துவிடுவாள். ஆனால் நாள் முழுக்கப் பழையபடி அவனிடம் பேசிக்கொண்டே இருந்தாள். காக்கா, கறிவேப்பிலை, கீழ் வீட்டுச் சண்டை, எல்லாம் பேசினாள். பதினோராவது நாள் நான் ஷேவிங் செய்துகொண்டிருந்தேன். சமையலறையில் இருந்து கேட்டது: "ஆச்சி, தா."

இரண்டு வார்த்தை. ஓடிப்போய்ப் பார்த்தால், அம்மா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். டப்பா முழுசாக அவன் மடியில் இருக்கிறது.

இதை அதிசயமாக நான் சொல்லவில்லை. என் மகனுக்கு இருந்தது சின்னத் தாமதம். மேடத்தின் வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்திருந்த மற்றவர்களுக்கு வருடக்கணக்காக வேலை இருந்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள், திக்குவாயால் அட்டென்டன்ஸில் 'பிரசன்ட் மிஸ்' சொல்லப் பயந்து பள்ளிக்கூடத்துக்கே மட்டம் போட்ட பையன். தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன் செய்துகொண்ட குழந்தைகளும் வருவார்கள். "ஆபரேஷன் முடிஞ்சா சரியாயிடும்னு நினைச்சு வருவாங்க. மெஷின் சத்தத்தைத்தான் குடுக்கும். அந்தச் சத்தம்தான் 'அம்மா'ன்னு காது பழகணுமே, அங்கேதான் என் வேலையே ஆரம்பிக்குது" என்பார்.

அவர் படித்தது எண்பதுகளில், மைசூரில். 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்தில். பேச்சுக்குப் படிக்கிறேன் என்றால், "மேடைப் பேச்சாம்மா? எந்தக் கட்சி?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்களாம். 2010-ல் 'தி கிங்ஸ் ஸ்பீச்' படம் வந்த பிறகு கொஞ்சம் சுலபமாயிற்று. "இங்கிலாந்து ராஜாவோட திக்குவாய்க்குப் பயிற்சி குடுத்தாரே ஒருத்தர், அந்த வேலை" என்று சொல்லிவிடுவாராம்.

பேச்சு வராமலே போன குழந்தைகளைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசினார். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பெண், பத்து வயது. வாயால் பேச வழியில்லை என்று தெரிந்ததும் படங்கள் ஒட்டிய பலகையைக் கொடுத்து, தொட்டுக் காட்டப் பழக்கினார். பல வாரம் கழித்து அவள் அம்மாவிடம் தொட்டுக் காட்டிய முதல் வாக்கியம்: 'பால்', 'வேண்டாம்'. பத்து வருடமாகத் தினம் இரண்டு வேளை பாலைப் புகட்டிய அம்மா அது. "அவங்க அழுதாங்க. அந்தப் பொண்ணு சிரிச்சுது. பேசறதுன்னா வாயாலதான் பேசணும்னு இல்ல சார். வேண்டாம்னு சொல்ல ஒரு வழி வேணும், அவ்வளவுதான்." இன்றைக்கு அந்தப் பலகை டேப்லெட்டுக்குள் போய்விட்டது. 'ஆவாஸ்' என்ற அப்படியொரு செயலி நம் சென்னையிலேயே உருவானது.

விழா முடிந்து காபி குடிக்கும்போது, தொழில் புத்தியில் ஒரு கேள்வி கேட்டேன். "இத்தனை வருஷத்துல மறக்க முடியாத குழந்தை யாரு மேடம்?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஒன்று, இரண்டு... அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒரு பையன். ஏழு வயசுல கூட்டிட்டு வந்தாங்க. பிறந்ததுல இருந்தே காது கேக்கல, யாரும் கவனிக்கல. லேட்டாப் பேசுவான், லேட்டாப் பேசுவான்னு எல்லாரும் சொல்லியிருக்காங்க. பேச்சைப் பிடிச்சுக்க வேண்டிய வயசு போயிடுச்சு. என்னால ரொம்பச் செய்ய முடியல." கொஞ்சம் நிறுத்தி, மறுபடி சொன்னார்: "நம்ம ஜனங்க குழந்தை பேச அஞ்சு செகண்ட் காத்திருக்க மாட்டாங்க சார். டாக்டர்கிட்ட காட்ட அஞ்சு வருஷம் காத்திருப்பாங்க."

அம்மா 2019-ல் போய்விட்டாள். அந்த டப்பா இன்னும் சமையலறையில் இருக்கிறது. இப்போது அதில் கடுகு. மகனுக்கு மீசை வந்துவிட்டது.

விழாவில் இருந்து திரும்பிய இரவு, அவன் என் அறை வாசலில் வந்து நின்று, "அப்பா, வந்து..." என்றான். "என்னடா? பணமா? பரீட்சையா? யார்கூடச் சண்டை?" என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தேன்.

"என்னப்பா, அஞ்சு எண்றீங்களா?" என்று சிரித்தான். அப்புறம் உள்ளே வந்து, கட்டிலில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தான்.