வானத்தில் கல்யாணப் பந்தல் இல்லை

ஹைதராபாத்தில் 2005 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது 108 ஆம்புலன்ஸ் சேவை. அதில் ஓட்டுநருக்குப் பெயர் பைலட். பொருத்தமான பெயர்தான். விமானிக்கு வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் இன்று பழைய நகரத்துச் சந்துகளில் இவருக்கும் வழிகாட்டுகின்றன. ஒரே வித்தியாசம், வானத்தில் யாரும் கல்யாணப் பந்தல் போடுவதில்லை.

ஜிபிஎஸ்ஸைக் குறை சொல்வதற்கில்லை. உதவி கேட்டவருக்கு அருகில் எந்த வண்டி நிற்கிறது என்பதை அது கட்டுப்பாட்டு அறைக்கு நொடியில் சொல்லிவிடும். எத்தனை வருட அனுபவசாலியாலும் முடியாத காரியம் அது. புதிய பகுதிக்கு வருகிற ஓட்டுநருக்கும் அதுதான் துணை.

ஆனால் ரம்ஜான் இரவுகளில் சார்மினார் கடைவீதி எப்படி நெரியும், விநாயகர் சிலைகள் ஹுசேன் சாகருக்குப் புறப்படும் நாளில் எந்தச் சாலையை மறந்துவிட வேண்டும் என்பதை உள்ளூர்க்காரர் முந்தின நாளே அறிவார். திரை பெரும்பாலும் நெரிசல் உண்டான பிறகே அறிகிறது. சந்தின் நீளத்தைச் சொல்லும் வரைபடம், அதற்குள் வண்டி திரும்புமா என்று சொல்வதில்லை. ‘மசூதிக்குப் பின்னால், பால் பூத் பக்கத்தில்’ என்ற விலாசமும் அதற்குப் புரியாது.

காரில் போகிறவருக்கு ஐந்து நிமிடத் தாமதம் வெறும் எரிச்சல். இதயம் நின்றுபோனவருக்கோ, முதலுதவி கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

வழியை மனதில் வைத்திருப்பது மூளைக்கும் நல்லதோ என்னவோ. அமெரிக்காவில் 2020-22இல் இறந்த சுமார் 90 லட்சம் பேரின் பதிவுகளை, 443 தொழில்வாரியாக அலசிய ஆய்வு 2024இல் வெளியானது. அல்சைமர் நோயால் இறந்தவர்களின் விகிதம் மிகக் குறைவாக இருந்தது டாக்ஸி, ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களிடம். ஒரே தடத்தில் போய்வரும் பஸ் ஓட்டுநர்களிடம் அந்தக் குறைவு தென்படவில்லை. இதை வைத்துக் காரணத்தை முடிவுகட்ட முடியாது என்று ஆய்வாளர்களே எச்சரிக்கிறார்கள்.

கவலை வேறு. திரை சொன்னபடி மட்டுமே திரும்பிப் பழகும் இளம் ஓட்டுநரிடம் அந்த ஊரறிவு எப்போது சேரும்? அழைப்பில்லாத நேரத்தில் தன் பகுதியை ஒருமுறை சுற்றிவருவதும், மூத்தவர் அருகில் அமர்ந்து சில வாரம் ஓட்டுவதும் பயிற்சியின் பகுதியாக வேண்டும். எந்த வண்டி போகவேண்டும் என்று செயற்கைக்கோள் சொல்லட்டும். கடைசி இருநூறு கஜத்தை ஊர் தெரிந்தவர் பார்த்துக்கொள்ளட்டும்.