அழித்தாலும் மீளும் கணினி



ஏ.எல். ஐ.சி.டி. வகுப்பில் ஒரு மாணவி லினக்ஸின் கோப்புகளையெல்லாம் அழித்துவிட்டாள். முகம் வெளிறி, "சேர், கம்பியூட்டர் பழுதாப் போயிட்டா?" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

பழுதாகவில்லை. அவள் அழித்தது வெர்ச்சுவல்பொக்ஸில், கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினியை. ஓஎஸ்பொக்ஸஸ் தளத்தில் லினக்ஸ் ஏற்கெனவே நிறுவப்பட்ட வட்டுக் கோப்பு இலவசமாகக் கிடைக்கிறது. ஒருமுறை இறக்கி வைத்திருக்கிறேன். புதிதாக நிறுவினால் பாடவேளையே போய்விடும். இதைப் பிரதிசெய்து இணைத்தால் போதும். மணியடிக்க முன் அவள் மீண்டும் கட்டளைகள் எழுதிக்கொண்டிருந்தாள். அல்ஹம்துலில்லாஹ்.

ஒரு கவனம்: அந்தக் கோப்போடு வரும் கடவுச்சொல் எல்லோருக்கும் தெரிந்தது. முதல் வேலையாக மாற்றிவிடுங்கள்.

வீட்டிலும் "தொடாதே" என்று பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள். பிழைவிட்டுத்தான் பழகுவார்கள்.