ஸ்கொட்லாந்து மலைநாட்டில் ஒரு பகல்

எடின்பரோ நகரத்திற்குச் செல்வோர், ஒரு பகலை மிச்சம் பிடித்து வடக்கேயுள்ள மலைநாட்டையும் பார்த்துத் திரும்புதல் வழக்கம். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு, முந்நூறு மைலுக்கு மேல் ஓடி, இரவு எட்டு மணியளவில் ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும் சுற்றுலா பஸ்கள் அங்கே பல உண்டு. சாரதியே வழிகாட்டியுமாவார். வாயருகே ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு, கண்ணைப் பாதையில் வைத்தபடியே பகல் முழுவதும் கதை சொல்லிக்கொண்டு வருவார். ஆனி மாதத்து நாளொன்றில் நாம் ஏறிய பஸ்ஸில் பதினாறு பேர் இருந்தனர். கட்டம் போட்ட கில்ட் உடையிலே கம்பீரமாக வந்து நின்ற சாரதி, ஒவ்வொருவரிடமும் ஊரை விசாரித்தார். நாம் இலங்கை என்றதும், "ஓ, தேயிலை!" என்றார். எமக்குப் பக்கத்து ஆசனத்தில் கனடா தேசத்து மூதாட்டியொருவர் அமர்ந்திருந்தார். அவர், "ஒன்ராறியோவில் கிளென்காரி" என்றார். சாரதி சற்று நின்று, "அப்படியென்றால் நீங்கள் சுற்றிப் பார்க்க வரவில்லை அம்மா, ஊருக்கு வந்திருக்கிறீர்கள்" என்றார். அதன் பொருள் எமக்கு அப்போது விளங்கவில்லை.

நகரத்தை விட்டு ஒரு மணி நேரத்திற்குள் ஸ்டேர்லிங் கோட்டை தெரிகின்றது. சமவெளியின் நடுவே செங்குத்தாக எழுந்த பாறையொன்றின் தலையில் அது இருக்கின்றது. தெற்கிலிருந்து வரும் படை வடக்கே போவதற்கு அக்காலத்தில் இருந்த முக்கிய வழி இதுவாதலின், சரித்திரப் பிரசித்தி பெற்ற போர்கள் இதனைச் சுற்றியே நடந்தன. 1297ஆம் ஆண்டில் வில்லியம் வொலஸ் ஆங்கிலப் படையை ஆற்றுப் பாலத்திலே மடக்கி முறியடித்ததும், 1314ஆம் ஆண்டில் றொபர்ட் புரூஸ் மன்னன் பனொக்பேர்னில் வெற்றி கொண்டதும் இவ்விடத்தே. வொலஸுக்கு 1869ஆம் ஆண்டில் கட்டி முடித்த கோபுரத்தையும் ஜன்னல் வழியே கண்டோம். பஸ் நிற்கவில்லை. இத்தகைய பிரயாணங்களில் கோட்டைகள் பாதையோரத்து மைற்கற்களைப்போல ஓடி மறைவதுதான் எமக்குப் பெருங்குறை.

கலண்டர் என்னும் சிற்றூருக்கு அப்பால் மலைநாடு தொடங்குகின்றது. கண்ணை மறைக்கும் செம்பட்டை மயிரும் நீண்ட கொம்பும் உடைய மாடுகளுக்கு முன்னால் எல்லோரும் படம் பிடித்துக்கொண்டனர். அவ்விடத்துத் தேநீர் நன்றாயில்லை.

இப்பிரதேசத்து ஊர்ப் பெயர்கள் கெயிலிக் மொழியிலே பிறந்தவை. கிளென் என்றால் குறுகிய பள்ளத்தாக்கு. ஸ்ட்ராத் என்றால் அகன்ற பள்ளத்தாக்கு. லொக் என்பது ஏரி. பென் என்பது மலை. இன்வர் என்பது ஓர் ஆறு கடலிலோ ஏரியிலோ வேறோர் ஆற்றிலோ கலக்குமிடம், அதாவது நாம் முகத்துவாரம் என்று சொல்வது. இவ்வைந்து சொற்களையும் அறிந்துகொண்டால் வழியிலுள்ள பெயர்ப் பலகைகளிற் பாதி தாமாகவே பொருள் தரும். பலகைகளில் ஆங்கிலமும் கெயிலிக்கும் சேர்ந்தே இருக்கின்றன. ஆயினும் நாள் முழுவதும் அம்மொழியைப் பேசிய ஒருவரையேனும் நாம் கேட்டிலோம்.

மேலே ஏற ஏற மரங்கள் குறைந்து, ரனொக் என்னும் பெருவெளி விரிந்தது. சுமார் ஐம்பது சதுர மைல் பரப்பு, எங்கும் சதுப்பு, நடுநடுவே கறுத்த நீர்க்குட்டைகளும் கற்பாறைகளும். எமது ஹோட்டன் சமவெளியை அறிந்தவர்கள், அதனைப் பன்மடங்கு பெருக்கி, குளிர்காற்றையும் அதற்கேற்பக் கூட்டிக்கொண்டால் ஒருவாறு இதனை மனத்திற் காணலாம். இச்சதுப்பின் குறுக்கே 1894ஆம் ஆண்டில் ரயில் பாதை திறக்கப்பட்டது. நிலம் பாரத்தைத் தாங்காமையால், மரவேர்களையும் சுள்ளிக் கட்டுகளையும் பரப்பி, அவற்றின்மேல் ஆயிரக்கணக்கான தொன் மண்ணையும் சாம்பலையும் கொட்டி, அதன்மேலே தண்டவாளத்தை மிதக்கவிட்டனராம்.

வெளி முடிந்ததும் பாதை சட்டென்று இறங்கி, இரு புறமும் மலைகள் நெருங்கி வந்து எம்மை விழுங்கிக்கொண்டன. கிளென்கோ இதுதான். மூன்று சகோதரிகள் என்று பெயர் பெற்ற மூன்று மலை முகடுகளும் பாதையின்மேல் சாய்ந்து நிற்பதுபோலத் தோன்றின. மழை பெய்து ஓய்ந்திருந்ததால் ஒவ்வொரு பிளவிலும் வெள்ளி இழையாக அருவி இறங்கிற்று. வண்டிகள் தரிக்கும் இடத்தில் ஒருவர் தோற்பை வாத்தியம் வாசித்துக்கொண்டு நின்றார். பைக்குள் அடைத்த காற்றினால் சில குழல்கள் ஓயாமல் ஒரே சுருதியை இழுத்துக்கொண்டிருக்க, ஒரு குழலில் மட்டும் விரல்கள் ஓடுகின்றன. நாதஸ்வரத்திற்குப் பக்கத்தில் ஒத்து ஊதக் கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் அந்நியம் எதுவுமில்லை.

இப்பள்ளத்தாக்கின் கதை 1692ஆம் ஆண்டுக்குரியது. மூன்றாம் வில்லியம் மன்னனுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டுமென்று குலத்தலைவர்களுக்கு அவ்வாண்டு ஜனவரி முதலாந் திகதி தவணை விதிக்கப்பட்டிருந்தது. கிளென்கோவிலிருந்த மக்டொனல்ட் குலத்தின் தலைவரான மக்கீயன் கடைசி நாளுக்கு முன்தினம் வில்லியம் கோட்டைக்குச் சென்றார். அங்கிருந்த அதிகாரியோ, பிரமாணத்தை ஏற்கத் தமக்கு அதிகாரமில்லையென்று இன்வரரேக்கு அனுப்பினார். பனியிலே நடந்து சென்று பிரமாணம் செய்து முடித்தபோது ஜனவரி ஆறாந் திகதியாகிவிட்டது. சில வாரங்களில், கம்பெல் குலத்தைச் சேர்ந்த தளபதியொருவரின் கீழ் சுமார் 120 போர்வீரர்கள் கிளென்கோவுக்கு வந்து தங்குமிடம் கேட்டனர். மலைநாட்டு வழக்கப்படி வீடுதோறும் அவர்களுக்கு உணவும் படுக்கையும் கிடைத்தன. ஏறத்தாழ இரண்டு வாரம் விருந்துண்டனர், வீட்டாருடன் சீட்டாடினர். பெப்ரவரி 13ஆந் திகதி விடியுமுன் கட்டளை நிறைவேறியது. தலைவர் படுக்கையிலிருந்து எழுந்து உடுத்திக்கொண்டிருக்கையிற் சுடப்பட்டார். இறந்தோர் சுமார் 38 பேர் என்பர். மலையேறித் தப்பியோடிய பெண்களும் குழந்தைகளும் பனிப்புயலில் மாண்டது அக்கணக்கிற் சேராது.

குலச் சண்டைகளில் இதனைவிட அதிகமானோர் மடிந்ததுண்டு. ஆனால் மலைநாட்டார் இதனை மறவாமைக்குக் காரணம் தொகையன்று. நம்பி இடங்கொடுத்தவனைக் கொல்வதைச் சாதாரணக் கொலையினும் கொடிதென்று ஸ்கொட்லாந்துச் சட்டமே வகுத்திருந்தது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று நாம் சொல்லும் அதே பாதகம். 1695இல் விசாரணை நடந்தது. கொன்றவர் எவரும் தண்டிக்கப்படவில்லை. பள்ளத்தாக்கிலுள்ள விடுதியொன்றின் வாயிலில், தெருவியாபாரிகளுக்கும் கம்பெல்களுக்கும் இடமில்லையென்று பலகை தொங்குகின்றதாம். முந்நூறு வருஷத்துப் பகையை வேடிக்கையாக்கி வைத்திருக்கிறார்கள்.

பஸ்ஸிலே அனைவரும் இவ்விடத்தின் தனிமையைப் புகழ்ந்தனர். ஆதிமுதல் மனித சஞ்சாரமே இல்லாத கன்னி நிலம் என்று பின்வரிசை இளைஞரொருவர் வியந்தார். சாரதி அதுவரை சிரிக்கச் சிரிக்கப் பேசிவந்தவர். இதற்கு மட்டும் சிரியாமல், "இந்த வெறுமை இயற்கையாக வந்ததல்ல, ஐயா" என்றார். மலையடிவாரத்துப் புல்லிலே, வெயில் சாய்வாக விழும்போது, பழைய பாத்தி வரப்புகள் வரிவரியாகத் தெரியும் என்றும் பார்க்கச் சொன்னார்.

1746ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆந் திகதி கலோடன் போர்க்களத்தில் மலைநாட்டுக் குலங்களின் சேனை அழிந்தது. அதன் பின்னர் ஆயுதம் பறிக்கப்பட்டது. ஆண்கள் கில்ட் அணிவதும் 1782ஆம் ஆண்டு வரை சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. அதனைவிடப் பெரிய மாற்றம் மெதுவாக நடந்தது. குலத்தலைவன் முன்பு தன் ஆட்தொகையை எண்ணிப் பெருமைப்பட்டவன். இப்போது குத்தகைப் பணத்தை எண்ணும் நிலச்சுவாந்தரானான். தெற்கிலிருந்து வந்த ஆட்டுப்பண்ணைக்காரர், குடியானவர் தருவதைவிடப் பன்மடங்கு தரச் சித்தமாயிருந்தனர். ஆகவே, பள்ளத்தாக்குப் பள்ளத்தாக்காக மக்கள் வெளியேற்றப்பட்டு, அவர்கள் இருந்த இடத்தில் ஆடுகள் வந்தன. சிலர் கடலோரத்துக் கரம்பை நிலத்திற்குத் தள்ளப்பட்டனர். வேறு சிலர் கப்பலேறினர். சதர்லாந்துப் பகுதியில் 1814லும் 1819லும் வீடுகளின் கூரைக்குத் தீ வைத்தே ஆட்களை எழுப்பினர். 1846இல் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோயால் பஞ்சம் வந்து, எஞ்சியவரிலும் பலரைப் பெயர்த்தது.

வில்லியம் கோட்டையில் மதிய உணவு. பிரித்தானியாவின் மிக உயர்ந்த சிகரமான பென் நெவிஸ் (1,345 மீற்றர்) அங்குதான் இருக்கின்றது. முகில் மூடியிருந்தமையால் நாம் அதன் காலை மட்டுமே கண்டோம். மிட்ஜ் என்னும் கண்ணுக்குத் தெரியாத கொசுவினம் எம்மை நன்றாகவே கண்டுகொண்டது.

அங்கிருந்து ஓயிக் ஏரிக்கரை வழியாகப் போகையில், சாரதி ஒரு கற்தூண் அருகே நிறுத்தினார். ஏழு தலைகளின் கிணறு என்று அதற்குப் பெயர். 1660களில் தம் உறவினரான இரு இளைஞர்களைக் கொன்ற எழுவரின் தலைகளை வெட்டி, கிளென்காரித் தலைவருக்குக் காட்டுமுன் இந்த ஊற்றிலே கழுவினார்களாம். தூணின் உச்சியிலே ஏழு தலைகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆங்கிலம், கெயிலிக், பிரெஞ்சு, லத்தீன் ஆகிய நான்கு மொழிகளில் எழுத்தும் உண்டு. இதனை 1812ஆம் ஆண்டில் நாட்டியவர் அக்காலத்துக் கிளென்காரித் தலைவரான அலஸ்டேர் மக்டொனல். எந்நேரமும் மலைநாட்டு உடையும் வாளுமாகப் பரிவாரஞ் சூழ உலாவியவர். பழங்குலப் பெருமைக்குத் தம்மைவிட்டால் ஆளில்லையென எண்ணியவர். அவர் தூண் நாட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே அவருடைய குடிகள் குத்தகை கொடுக்க மாட்டாமல் கனடாவுக்குப் போய்க்கொண்டிருந்தனர். அவர் குடும்பத்திற்கு எஞ்சியிருந்த நொய்டார்ட் பகுதியிலும் 1853இல் 300க்கு மேற்பட்டோர் கப்பலேற்றப்பட்டனர். ஏற மறுத்தவர்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. தலைகளை விட்டுவிட்டு இக்கதைக்கே ஒரு தூண் நாட்டியிருக்கலாம் என்று எமக்குப்பட்டது.

கனடா மூதாட்டி தூணைப் பார்க்கவில்லை. ஏரிக்கரைக்கு இறங்கிச் சென்று கூழாங்கல்லொன்றை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். அவருடைய பாட்டனாரின் பாட்டனார் இவ்விடத்தவராம். குடும்பத்தில் கெயிலிக் மொழி அவர் தாயாரோடு நின்றுவிட்டதாம். ஒன்ராறியோவில் தாங்கள் இருக்கும் பகுதிக்குப் பழைய ஊரின் பெயரையே இட்டு வைத்திருக்கிறார்கள். "பெயரை மட்டும் கொண்டுபோக விட்டார்கள்" என்றார்.

பெயர் என்றதும் எமக்கு எமது மலைநாடு நினைவுக்கு வந்தது. தலவாக்கலையில் ஹோலிரூட், நானுஓயாவில் எடின்பரோ, அக்கரப்பத்தனையில் கிளாஸ்கோ, பல்மோரல், வேவர்லி, டிக்கோயாவில் டன்கெல்ட், மஸ்கெலியாப் பக்கம் ஸ்ட்ராத்ஸ்பே: தோட்டங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு போனால் ஸ்கொட்லாந்தின் படத்தையே வரைந்துவிடலாம். கோப்பிக் காலத்தில் வந்த ஸ்கொட்லாந்துத் துரைமார் இட்டவை இவை. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்நாட்டவரே. பதினேழு வயதை எட்டுமுன் புறப்பட்டு வந்தவர், திரும்பத் தம் ஊரைக் காணாமலே 1892இல் இறந்து கண்டி மஹியாவையில் அடக்கமானார்.

நெஸ் ஏரியைப்பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. இருபத்துமூன்று மைல் நீளம், 230 மீற்றர் ஆழம். இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் ஏரிகள் எல்லாவற்றிலும் உள்ள நீரைக் கூட்டினாலும் இதற்குக் குறைவே. 1933 முதல் பிரசித்தமான பூதம் எமக்குக் காட்சி தரவில்லை. அதன் மிகப் புகழ் வாய்ந்த 1934ஆம் ஆண்டுப் புகைப்படம் விளையாட்டுக் கப்பலில் தலையொன்றை ஒட்டி எடுத்தது என்பது 1994இல் வெளியாகிவிட்டது. எமக்குப் பிடித்தது, ஓகஸ்டஸ் கோட்டையில் கால்வாயின் ஐந்து அடைப்புகளில் படகுகள் படிப்படியாக ஏறி இறங்கும் காட்சியே. தோமஸ் டெல்போர்ட் அமைத்த அக்கலிடோனியன் கால்வாய் 1822இல் திறக்கப்பட்டது.

திரும்பும் வழி ஸ்பே நதியின் மேற்கரையோரமாகச் சென்று, ட்ருமொக்டர் கணவாயைக் கடந்து, டே ஆற்றங்கரைக்கு இறங்கிற்று. பாதையருகே டன்கெல்ட் என்ற பலகை வந்தது. இதே பெயரில் எமது நாட்டில் ஒரு தேயிலைத் தோட்டம் உண்டென்று மூதாட்டியிடம் கூறினோம். அவர் ஆவலோடு திரும்பினார்.

"அங்கே இப்போது எங்கள் ஆட்கள் இருக்கிறார்களா?"

"இல்லை அம்மா. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பின்னாகத் துரைமாரும் போய்விட்டார்கள்."

"அப்படியானால் யார் இருக்கிறார்கள்?"

கொழுந்து பறிக்கும் தமிழ் மக்கள் இருக்கிறார்கள். தென்னிந்தியாவிலிருந்து காடு மேடு கடந்து நடந்து வந்தவர்களின் சந்ததி. ஐந்தாறு தலைமுறையாக அங்கேயே பிறந்து இறக்கிறார்கள் என்றோம். 1948இல் அவர்களிற் பெரும்பாலோர் பிரஜாவுரிமை இழந்ததையும், 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இரு பிரதமர்களும் கூடி 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் கணக்கிட்டுப் பிரித்ததையும் சொன்னோம். மூதாட்டி கைக்குட்டையின் முடிச்சைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"இருப்பவர்களுக்கு அந்த நிலம் சொந்தமா?"

"பெரும்பாலானோருக்கு இல்லை. குடியிருக்கும் லயன் அறையும் தோட்டத்துக்கே உரியது."

அதன்பின் அவர் பேசவில்லை. எட்டு மணியாகியும் நல்ல வெளிச்சம் இருந்தது. போர்த் முகத்துவாரத்தை நெருங்குகையில், 1890ஆம் ஆண்டில் திறந்த செந்நிற ரயில் பாலத்தின் மூன்று இரும்பு முதுகுகளும் நீரின்மேல் எழுந்து நின்றன. அதன்மீது ஊர்ந்துகொண்டிருந்த ரயிலைச் சாரதி சுட்டிக்காட்ட, எல்லோரும் அந்தப் பக்கத்து ஜன்னலுக்குச் சாய்ந்தார்கள்.