நொச்சி வேதும் உப்பு நீரும்

பால்மரம் வெட்டுவோரின் வேலை விடியும் முன்பே தொடங்கிவிடும். பனியிலும் ஈரத்திலும் நின்று பழகிய அவர்களுக்கு மூக்கடைப்பும் நெற்றிவலியும் புதியவை அல்ல. ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில், லயத்து வீட்டின் பின்புறம் நின்ற நொச்சியும் கற்பூரவல்லியும் அப்போது கைகொடுத்தன. கொதிக்கும் நீரில் நொச்சி இலையையும் மஞ்சளையும் இட்டு, போர்வையால் தலையை மூடிக்கொண்டு ஆவியை உள்ளிழுப்பார்கள். இதுவே ‘வேது பிடித்தல்’. தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடியேறியவர்களிடம் நொச்சி இல்லை. தைலம் இரண்டு சொட்டுதான்! ஆயினும், பழக்கம் விடவில்லை. 2015 ஆம் ஆண்டு புகைமூட்டத்தால் மலாக்காவிலும் பள்ளிகள் மூடப்பட்டபோது பல வீடுகளில் வேதுச் சட்டி மீண்டும் அடுப்பேறியது.

மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் நான்கு இணைக் காற்றறைகள் உள்ளன. இவற்றையே சைனஸ் என்கிறோம். இவற்றின் சிறு வாசல் வீங்கி அடைபட்டால் உள்ளே சளி தேங்கும். குனிந்தால் முகம் கனக்கும். சித்த மருத்துவத்தில் இந்நோய்க்குப் பீனிசம் என்று பெயர்.

வேது இந்த அடைப்பை நீக்குமா? இங்கிலாந்தில் 871 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2016 இல் வெளிவந்தது. ஆவி பிடித்தவர்களுக்குத் தலைவலி குறைந்தது. மற்றபடி குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. உப்பு நீரால் மூக்கைக் கழுவியவர்களோ ஓரளவு நலம் கண்டனர். பாட்டிமார் இதனை எளிதில் ஏற்கமாட்டார்கள். ஆவி தரும் இதமும் பொய்யன்று. ஆனால், போர்வைக்குள் சட்டி சாய்ந்தால் வெந்து போவது குழந்தையின் மடியும் தொடையும்தான். சிறுவர்களுக்கு இம்முறை வேண்டவே வேண்டாம்.

உப்பு நீர் எல்லாச் சமையலறையிலும் கிடைக்கும். ஒரு கோப்பை நீருக்குக் கால் தேக்கரண்டி உப்பு போதும். கவனிக்க வேண்டியது நீரைத்தான். 2011 இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், குழாய் நீரை அப்படியே மூக்கில் விட்டுக் கழுவிய இருவர் இறந்தனர். நீரிலிருந்த அமீபா மூக்கின் வழியே மூளையை அடைந்துவிட்டது. குடித்திருந்தால் அந்த அமீபாவால் தீங்கு நேர்ந்திராது. வயிற்றுக்குள் போவதும் மூக்குக்குள் போவதும் ஒன்றல்ல. ஆகவே, ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவைத்த நீரையே பயன்படுத்த வேண்டும். கழுவும் குவளையும் தூய்மையாக இருக்க வேண்டும்.

பத்து நாள் கடந்தும் வலி குறையாவிட்டாலோ, கடுங்காய்ச்சல் வந்தாலோ, கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, வேதுச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு உடனே கிளினிக்கிற்குப் புறப்பட வேண்டியதுதான்.