முற்றத்து எண்ணெய்க் கறை



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படிக்கவும்.

போன மாதம் எங்கள் வீட்டு வளைகாப்பில் ஒரு பேச்சு வந்தது. அன்று பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் இந்த முகநூலில் இருக்கிறீர்கள். என் சகலை, பழுதான வண்டியை மூடி மறைத்துத் தலையில் கட்டிவிட்டார் என்று என் தங்கை சொன்னாள். சகலையும் அங்கேதான் இருந்தார். இலையை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார். நான் வாயைத் திறக்கவில்லை. நாலு பேர் முன்னால் விழுந்த பழியை நாலு பேர் முன்னால்தான் எடுக்க வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

தங்கை மகன் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கிறான். தக்காளி, முருங்கை, சில நாள் பாச்சலூர் மலையிலிருந்து வாழைக்காய். சகலையிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. விலை பேசி முடித்தது நான்தான். தங்கை ஆறு பவுன் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினாள். அவர்கள் தெருவில் வண்டி நுழையாது. ஆகவே ராத்திரியில் என் வீட்டு முற்றத்தில் நிற்கும்.

ஏழெட்டு மாதம் நன்றாகவே ஓடியது. பிறகு ஒரு சத்தம். முதல் கியர் போட்டு கிளட்சை விட்டால் அடியில் 'டொங்'. ரிவர்ஸ் போட்டாலும் 'டொங்'. ஓடும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி மிதித்தால் இன்னொன்று. பள்ளிக்கூட மணியை ஈரத்துணி சுற்றி அடித்தால் எப்படி இருக்கும், அப்படி.

முதலில் காட்டிய பட்டறையில் ஐந்து நிமிடத்தில் 'கிராஸ் போச்சு' என்றார்கள். என்ஜின் பக்கமிருந்து பின் அச்சுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் நீளமான ஷாஃப்டின் மூட்டில், கூட்டல் குறி மாதிரி ஓர் இரும்புத் துண்டு இருக்கும். அதுதான் கிராஸ். நான்கு முனையிலும் ஊசி ஊசியாகப் பேரிங். பள்ளத்தில் பின் அச்சு ஏறி இறங்கினாலும் ஷாஃப்ட் தடையில்லாமல் சுற்றுவதற்காக வைத்தது. (ஹூக் மூட்டு என்றும் இதற்குப் பெயர். தக்கையில் 'செல்'லைப் பார்த்த அதே ராபர்ட் ஹூக். அறிவியல் பாடத்தில் அவரைப் பாதிதான் நடத்தியிருக்கிறேன்.) கிராஸ் மாற்றினார்கள். சத்தம் பாதியானது, போகவில்லை. இரண்டு வாரத்தில் நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் 'ஊங்' என்று ஓர் ஊளையும் சேர்ந்துகொண்டது. அப்போதுதான் அந்தப் பட்டறையில் யாரோ கொளுத்திப் போட்டார்கள்: "வித்தவன் டிஃப்ரன்ஷியலுக்குள்ள மரத்தூள் போட்டு சத்தத்தை அமுக்கியிருப்பான்." அப்படி ஒரு பழைய ஏமாற்று வேலை உண்டுதான். தங்கை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பழனி ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் கடைசியாகப் போனோம். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். விடையை விட்டுவிட்டு வழிமுறையை மட்டும் எழுதி வைப்பான், அதற்காக நிறையத் திட்டியிருக்கிறேன். அன்று அதே வழிமுறையைத்தான் உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் அவன் ஸ்பானரைத் தொடவே இல்லை. மருமகனை ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து கேட்டான். ஓட்டத்தில் நியூட்ரல் போட்டு என்ஜின் வேகத்தைக் குறைத்தாலும் ஊளை நின்றபாடில்லை. வண்டி வேகத்தோடு ஏறி இறங்கியது. "அப்ப என்ஜின் இல்ல சார், பின்னாடிதான்." மிதிக்கும்போது அதிகம், விடும்போது குறைவு. வளைவில் ஒடித்து ஓட்டினாலும் மாற்றம் இல்லை. வளைவில் சத்தம் மாறியிருந்தால் சக்கரப் பேரிங், உள்ளே இருக்கும் ஸ்டார் கியர் என்று சந்தேகப்பட்டிருப்பானாம்.

பிறகு சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைத்து, நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டுக் கீழே படுத்தான். என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னான். ஷாஃப்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருப்பினான். கிராஸுக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகவே அசைந்தன, மூட்டில் இடைவெளி இல்லை. ஆனால் ஷாஃப்ட் நன்றாகத் திரும்பிய பிறகுதான் உள்ளே 'டக்' என்று பல் போய் முட்டியது. அடுத்து பினியன் நுழையும் இடத்தில் பிடித்து மேலும் கீழும் ஆட்டினான். ஆடியது. "இது ஒரு மயிரிழை கூட ஆடக் கூடாது சார். பினியன் பேரிங் போயிருச்சு."

உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வண்டி செங்கோணமாகத் திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 1.4 மீட்டர் என்றால், 22/7-ல் பாதியை 1.4-ஆல் பெருக்குங்கள். 2.2 மீட்டர் வித்தியாசம். வளைவு பெரிதானாலும் சிறிதானாலும் இந்த வித்தியாசம் மாறாது, போட்டுப் பாருங்கள். அதைச் சரிக்கட்டும் பெட்டிதான் டிஃப்ரன்ஷியல். ஷாஃப்ட் முனையில் சிறிய பினியன், அது சுற்றும் பெரிய பல்சக்கரம் கிரவுன். எங்கள் வண்டியில் கிரவுனுக்கு 41 பல், பினியனுக்கு 9. மீ.பொ.வ. 1 என்பதால் ஒரு பல் எதிர்ப் பக்கத்துப் பல் ஒவ்வொன்றையும் மாறி மாறிச் சந்திக்கும், தேய்மானம் ஒரே இடத்தில் விழாது. எந்தப் புண்ணியவானோ பின்னக் கணக்கு ஒழுங்காகப் படித்திருக்கிறான்.

இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு காகிதத்தின் கனத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பினியன் ஆடினால் அந்த அளவு கெட்டு, பல் தவறான இடத்தில் உரசித் தேயும். சுமை திசை மாறும்போதெல்லாம் 'டொங்'.

ஆயிலை வடித்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தது மரத்தூளை. ஒரு துணுக்கு கூட இல்லை. ஏறக்குறைய இரண்டு லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அரை லிட்டர் கூட வரவில்லை. வந்ததும் கறுத்து, தீய்ந்த வாடை. வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு இருந்தது. அது எல்லா வண்டியிலும் இருக்குமாம். கூடவே நகக்கண் அளவு இரும்புச் சில்லு மூன்று. அது இருக்கக் கூடாது.

அச்சுக்கு மேலே பிரீதர் என்று ஒரு சிறு மூச்சுத்துளை. அதைக் கழற்றிக் காட்டினான். தோட்டத்துச் சேறு உள்ளே போய் இறுகிக் கல்லாகியிருந்தது. பெட்டி சூடாகி உள்ளே காற்று விரிந்தால் போக வழி வேண்டுமே. வழி இல்லாமல் பினியன் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியேறியிருக்கிறது. மட்டம் இறங்கினால் முதலில் காய்வது மேலே இருக்கும் அந்த பினியன் பேரிங்தான்.

"மரத்தூள் போட்டிருந்தா இத்தனை மாசம் தாங்காது சார். இது சொட்டுச் சொட்டா ஒழுகிக் காஞ்சது. ராத்திரி வண்டி எங்க நிக்கும்? தரையில கறை இருந்திருக்கணுமே?"

மருமகன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலாம் என்று இருந்தது.

கறை இருந்தது. வாங்கிய நாலாம் மாதம், மழைக்குப் பிறகு. முற்றத்து சிமெண்ட் தரையில், பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால், நட்ட நடுவில், ரூபாய் நாணயம் அளவு. தினமும் காலையில் அடுப்புச் சாம்பலைத் தூவிக் கூட்டுவேன். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. அன்றிரவு எடுத்துப் பார்த்தேன். "முற்றத்தில் மறுபடி எண்ணெய். பையனுக்குப் பொறுப்பில்லை" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். என் கையெழுத்து, அழகான கையெழுத்து. பிறகு ஒரு நாள் மருமகனைக் கூப்பிட்டு, புதுத் தரை பாழாகிறது, வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்து என்றேன். அவன் எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை. நிறுத்தினான். மண் தரை எண்ணெயைக் குடித்துவிட்டது. அதற்கப்புறம் யார் கண்ணிலும் கறை படவில்லை.

அவனும் ஆயில் மட்டம் பார்த்திருக்க வேண்டும். பார்க்கிற முறை எளிது: நிரப்பும் துளையில் விரலை விட்டு மடக்கினால் துளையின் கீழ் விளிம்பு அளவில் ஆயில் தட்ட வேண்டும். லாரி, வேன் ஓட்டும் என் மாணவர்கள் நாளைக்கே விரலை விட்டுப் பாருங்கள், பிரீதரையும் துடையுங்கள். ஆனால் சொட்டு விழுந்ததைத் தினமும் கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்து ஜோடியாக வருபவை. ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. ஜோடி, பேரிங்குகள், சீல் எல்லாம் புதிதாகப் போட்டு, டயல் கேஜ் வைத்து இடைவெளி சரிபார்த்து மூன்று நாளில் கொடுத்தான். கூலி வாங்க மறுத்தான். சட்டைப் பையில் திணித்துவிட்டு வந்தேன். மொத்தச் செலவும் என் பென்ஷனிலிருந்து. தங்கையிடம் பாதிதான் நான் கொடுத்தேன் என்று மருமகன் சொல்லியிருக்கிறான். ஏன் என்று தெரியவில்லை, மாமாவுக்கு மானம் போகக்கூடாது என்று நினைத்தானோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டுக்குப் போனேன். கொழுந்தியாள் காபியை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். எல்லாம் சொன்னேன். சகலை ரொம்ப நேரம் காபியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "விக்கிறதுக்கு முந்தின வாரம் ஆயில் மாத்தின பில்லு இன்னும் இருக்குண்ணே. அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு பாத்தேன்" என்றார்.

வண்டி இப்போது மறுபடி என் முற்றத்தில்தான் நிற்கிறது. அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வைத்திருக்கிறேன். இன்று காலை வரை அட்டை காய்ந்துதான் இருக்கிறது.

தங்கச்சி, இதைப் படித்ததும் போன் பண்ணு. அவர் வீட்டுக்கு நீ போகும்போது நானும் கூட வருகிறேன்.